நொச்சி இலைக்குக் காரம் வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. ஆடு ஏதாவது கேட்டால் மரம் பதில் சொல்லும். மரம் கூப்பிட்டால் மனுஷர் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நொச்சியின் இலை, கீரைத் தளிர் போல மெத்தென்று, லேசான தித்திப்போடு இருக்கும். ஓடைக்கரையில் நின்ற அந்த நொச்சியைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். ஆடுகள் முன்னங்காலைத் தூக்கி வைத்துத் தழையை இழுக்கும். "கொழுந்தை விட்டுட்டுக் கடிங்களேன்!" என்று நொச்சி பொய்க்கோபம் காட்டும். பேச்சுத்துணை இல்லாமல் அதற்கு ஒரு பொழுதும் போனதில்லை.

அந்த ஆடுகளை மேய்த்தவள் மாடத்தி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மத்தியானம் நொச்சி நிழலில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்துவிட்டு, ஊரில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்லுவாள்.

ஒருநாள் அவள் காலில் உடைமரத்து முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். கால் வீங்கியது, புண் சீழ் பிடித்து நாறத் தொடங்கியது. அந்த வருஷம் இதே மாதிரிப் புண் வந்து ஊரில் சிலர் செத்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பயம்.

"கஞ்சியைப் பாறை மேல கொண்டாந்து வைக்கிறோம் தாயி. ஊருக்குள்ள மட்டும் வந்துராத" என்றார்கள்.

மாடத்தி ஆடுகளோடு ஓடைக்கரைக்கு வந்து நொச்சியடியில் படுத்துக்கொண்டாள்.

"நான் போயிட்டா இந்த ஆடுகளை யாரு மேய்ச்சலுக்குப் பத்துவா, நொச்சி?"

நொச்சி பதில் சொல்ல வாயெடுத்தது. அப்போது வேறொரு சத்தம் கேட்டது. மனுஷக் காதுக்கு எட்டாத சன்னமான சத்தம். அது புண்ணுக்குள்ளிருந்து வந்தது.

"வாங்க, வாங்க. இன்னும் நெறைய இருக்கு. முழங்கால் வரைக்கும் ஏறிரலாம்."

கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கூட்டம் கூட்டமாக அவள் சதையைத் தின்றுகொண்டிருந்தன.

"அவளை விட்டுருங்க" என்று நொச்சி கெஞ்சியது.

"உன் தழையை ஆடு திங்கலையா? எங்களுக்கும் பசிதான்" என்றன அவை. அவற்றின் குரலில் கோபம்கூட இல்லை.

நொச்சி தன் வேர் நுனியால் மண்ணைத் தொட்டுக் கேட்டது. "தாயே, செத்ததெல்லாம் உன்கிட்டதான் வருது. அந்த அழுகல் உன்னைத் திங்காம எப்படி இருக்கே?"

"அடியில ஒரு காரமான எண்ணெய் வச்சிருக்கேன். அது பட்ட இடத்துல அதுக பிழைக்காது. வேணும்னா உறிஞ்சிக்கோ" என்றது மண். "ஆனா, உன் இலையெல்லாம் அது ஏறிரும். ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிரும். உன் குரலையும் சுட்டுரும். பிறகு வந்து 'திருப்பி எடுத்துக்கோ'ன்னா என்னால முடியாது."

நொச்சி சுற்றிலும் பார்த்தது. பக்கத்தில் ஒரு குட்டி, தாழ்ந்த கிளையிலிருந்து இலையை இழுத்து மென்றுகொண்டிருந்தது. "இன்னிக்கு ஒரு பொழுது போகட்டுமே" என்று நொச்சி இழுத்துப் பார்த்தது. புண்ணுக்குள் சத்தம் கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"மாடத்தி, நல்லாக் கேட்டுக்கோ. கொஞ்ச நேரத்துல என் இலையைப் பறிச்சுக் கசக்கிச் சாறை விடு. இலையைக் கொதிக்க வச்சு அந்தத் தண்ணியை ஆறவிட்டுக் கழுவு. எரியும். எரிஞ்சாலும் நிறுத்தாத."

"அதுக்கென்ன, அப்ப சொல்லேன்" என்றாள் அவள் சோர்வாக.

"இல்ல. இப்பவே கேட்டுக்கோ."

சொல்லிவிட்டு நொச்சி அந்த எண்ணெயைக் குடித்தது. வேரிலிருந்து நுனிவரை தீப்பிடித்த மாதிரி இருந்தது. குட்டி வாயிலிருந்த தழையைத் துப்பிவிட்டுத் தும்மியது. ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து எதிர்க்கரைக்குப் போயின. நொச்சி அவற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தது. இலைகள்தான் அசைந்தன.

மாடத்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னபடி செய்தாள். முதலில் அந்தச் சத்தம் அலறியது, பிறகு தேய்ந்தது, பிறகு அறவே நின்றது. நாளாக ஆகச் சீழ் வற்றிப் புதுத்தோல் வந்தது. சேதி தெரிந்ததும் ஊரே வந்தது. இலையைப் பறித்தார்கள், போனார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

மாடத்தி மட்டும் உட்கார்ந்தாள். "ஏதாச்சும் பேசேன்" என்று அடிமரத்தைத் தடவினாள். பல நாள் வந்து காத்திருந்தாள். ஆனால் ஆடுகள் அந்தக் கரையில் நிற்க மறுத்தன. தழை தேடி அவை மலையடிவாரம் பக்கம் நகர்ந்தன; அவளும் போகத்தான் வேண்டியிருந்தது.

"நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றாள். போகும்போது ஒரு கிளையை ஒடித்து, புண்பட்டவர் ஓடைவரை நடக்க வேண்டாமே என்று ஊர் வேலியில் நட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை.

அன்று முதல்தான் நொச்சி வேலியோரத்தில் நிற்கிறது. ஆடு அதில் வாய் வைப்பதில்லை. தடுமனோ புண்ணோ வந்தவர்கள் தேடி வந்து இலையைப் பறித்துக் கசக்குகிறார்கள்; அவர்கள் கையில் அதன் வாசம் கொஞ்ச தூரம் வரைக்கும் கூடவே போகிறது.