இறகுக்குக் காத்திருந்த முள்

ஓடைக்குத் தெற்கே ஒரு மேடு. வடக்கே ஒரு கரை. இரண்டிலும் வெள்ளெலிகள் குடியிருந்தன. இரண்டு பக்கத்து வளைகளையும் தோண்டிக் கொடுத்தது ஒரே ஆள்தான், அழுங்கு மாமா. அவர் ஒரு எறும்புதின்னி. உடம்பு முழுக்கச் செதில், காலில் மண்வெட்டி போல நகம். அந்தக் காட்டில் அவரைப் போல வளை தோண்ட வேறு ஆள் கிடையாது.

ஒவ்வொரு வளைக்கும் இரண்டு வாசல் வைத்திருந்தார். முன்வாசல் வந்து போக. பின்வாசல் ஆபத்துக்கு. பின்வாசலை உள்ளிருந்து பெரிய மண்ணாங்கட்டியால் அடைத்திருப்பார். உள்ளே இருப்பவர் இழுத்தால் திறக்கும். வெளியே இருந்து எவனாலும் அசைக்க முடியாது என்று எல்லாரும் நம்பினார்கள். அழுங்கு மாமாவும் நம்பினார்.

முதல் மழை பெய்தது. அழுங்கு மாமா தன் வளைக்குள் சுருண்டு படுத்திருந்தார். வெளியே ஏதோ ஒரு ஓணான் மழைக்கு ஒதுங்கி அவருடைய பின்வாசலில் சாய்ந்தது. அவ்வளவுதான். மண்ணாங்கட்டி உள்ளே உருண்டு வந்துவிட்டது. துளிச் சத்தம் இல்லை!

"ஐயோ, போச்சு!" என்று அலறினார் அழுங்கு மாமா.

மண் நனைந்தால் கட்டியின் கீழ் ஓரத்தில் லேசாக முட்டினாலே போதும், வழி திறந்துவிடும். தான் தோண்டிய அத்தனை வளையிலும் இதே பழுது. ஆனாலும் ஆள் கெட்டிக்காரர். அன்றைக்கே இலந்தை மரத்தில் கவை கவையாக, இரண்டாகக் கிளைத்த முள் வெட்டினார். ஒரு கவைமுள்ளைக் கட்டிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பிறகு யானை வந்து முட்டினாலும் அசையாது.

வடகரைக்கு அவரே போய் ஆளுக்கொரு முள் கொடுத்தார். தென்மேட்டுக்கு அப்படிப் போக முடியாது. அங்கே அண்டங்காக்கைகளின் ராஜ்யம். பருந்து வந்தால் காக்கைகள் கூட்டமாகக் கத்தி விரட்டும். பதிலுக்கு எலிகள் தானியம் கொடுக்கும். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. வளைக்குள் என்ன பொருள் போவதானாலும் காக்கைகள் மூலமாகத்தான் போக வேண்டும்.

அழுங்கு மாமாவுக்கும் அது வசதிதான். வளை வளையாக ஏறி இறங்க வேண்டாம் பாருங்கள்! முள்கட்டைக் கொண்டுபோய்க் காக்கைகளின் வாகைமரத்தடியில் போட்டார்.

"மையழகா! இது அவசரம். இன்னைக்கே கொடுத்துடு!"

"கொடுத்துட்டாப் போச்சு!" என்றான் காக்கைத் தலைவன் மையழகன்.

அழுங்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டார். அனுப்பியாயிற்று, நம் வேலை முடிந்தது என்று நிம்மதியாகச் சுருண்டுகொண்டார். முள் போய்ச் சேர்ந்ததா என்று அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அது அவர் செய்த தப்பு.

வாகைமரத்தில் காக்கைகள் கூடிப் பேசின.

"இதை அப்படியே கொடுத்தா, கொடுத்தது நாமன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் மையழகன். "ஒவ்வொரு முள்ளிலயும் நம்ம இறகு ஒண்ணு கட்டணும்!"

"ஆமா! ஆமா!" என்று மரமே அதிரக் கத்தின மற்ற காக்கைகள்.

"சரி, யார் இறகு?"

உடனே ஒவ்வொரு காக்கையும் தன் சிறகை இறுக்கி மடக்கிக்கொண்டது. சொந்த இறகைப் பிடுங்கிக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தானாக உதிரட்டும், உதிர உதிரக் கட்டலாம் என்று முடிவாயிற்று. இடையில் ஒரு கிழட்டுக் காக்கை, "இந்த முள்ளு நம்ம மண்ணுக்கு ஒத்துவருமான்னு நான் பார்த்துச் சொல்றேன்" என்று ஒவ்வொன்றாகக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை மேல் மழையாகப் பெய்தது. முள்கட்டு மரத்தடியிலேயே கிடந்தது.

இதற்கிடையில் வடகரையில் ஒருவன் புதருக்குள் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டும், எலிகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டும் இருந்தான். அவன் பெயர் நெளியன். சாரைப்பாம்பு. பல நாள் பசி.

'எல்லாரும் முள் வைக்கிறார்கள். சரி. ஆனால் பின்வாசலுக்கு மட்டும் ஏன் வைக்கிறார்கள்? அதுவும் மழைக்குப் பிறகு ஏன் வைக்கிறார்கள்?' என்று யோசித்தான் நெளியன்.

யோசித்தபடியே ஆளில்லாத ஒரு பழைய வளைக்குப் போனான். பின்வாசலில் மூக்கை வைத்து மேலே முட்டினான். அசையவில்லை. நடுவில் முட்டினான். அசையவில்லை. கீழ் ஓரத்தில் முட்டினான். கட்டி உருண்டது!

"அட, இதுதானா சங்கதி!" என்று சிரித்தான். பழுது இருப்பதே அதுவரை அவனுக்குத் தெரியாது. முள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. "வடகரையில் முள் வைத்துவிட்டார்கள். தென்மேட்டில் வைத்தார்களா, போய்ப் பார்ப்போம்!"

தென்மேட்டில் பொடிச்சி என்று ஒரு வெள்ளெலி இருந்தாள். முதல் மழைக்குச் சில நாள் முன்புதான் அவள் கணவனைப் பருந்து கொண்டுபோய்விட்டது. அவளிடம் மிச்சம் இருந்தவை கண் திறக்காத நான்கு குட்டிகள். அவள் உயிர் முழுக்க அந்த நான்கில்தான் இருந்தது. வடகரையில் முள் கொடுத்த செய்தி காதில் விழுந்ததும் அவள் வாகைமரத்துக்கு ஓடினாள்.

"ஐயா, பின்வாசல்ல ஏதோ பழுதாமே! எங்களுக்கு முள் எப்போ தருவீங்க?"

"வரும்மா, வரும். வேலை நடந்துக்கிட்டே இருக்கு" என்றான் மையழகன்.

"முள்ளு இதோ கீழே கிடக்கே! ஒண்ணு எடுத்துக்கறேனே!"

"தொடாதே! இன்னும் இறகு கட்டல. நம்ம இறகு இல்லாம எதுவும் உள்ளே போகாது!"

"இறகுதான் பாம்பைத் தடுக்குமா, ஐயா?"

மையழகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் வளை எது? அந்த ஓரத்துப் பழைய வளைதானே? முதல்ல புது வளைகளுக்குத்தான். அவசரம்னா கிழக்கே புது வளை காலியா இருக்கு, குடிபோயேன்!"

"கண்ணு திறக்காத குட்டிகளைத் தூக்கிக்கிட்டு, இந்த மழையிலயா? சரி, என்ன பழுதுன்னாவது சொல்லுங்க. நானே எதையாவது வெச்சு அடைச்சுக்கறேன்!"

"சொல்லக்கூடாது! சொன்னா பாம்பு காதுக்குப் போயிடும். இது பாதுகாப்பு விஷயம்!"

கேட்டீர்களா கூத்தை! பாம்புக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியாதது எலிகளுக்கு மட்டும்தான்.

பொடிச்சி பக்கத்து வளைச் செம்பியிடம் ஓடினாள். செம்பிக்கும் சின்னக் குட்டிகள்.

"வா செம்பி, அழுங்கு மாமாகிட்டயே போய்க் கேட்போம்!"

"எதுக்குக்கா? காக்கையார்தான் தர்றேன்னு சொல்லியிருக்காரே. எனக்குப் புது வளை. எனக்குத்தான் முதல்ல வரும். வெளிய சுத்தாம உள்ளேயே இருக்கச் சொல்லியிருக்கார்."

பொடிச்சி குட்டிகளை முகர்ந்து பார்த்தாள். முன்வாசலை மண்ணால் மூடினாள். விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஏறி ஓடையைக் கடந்தாள். காக்கைகள் கண்டால், இனி பருந்து வந்தாலும் அவளுக்காகக் கத்தி விரட்ட மாட்டா. தெரிந்தேதான் போனாள்.

அவளைக் கண்டதும் அழுங்கு மாமா திகைத்துப் போனார்.

"என்னது! இன்னும் தரலையா? முதல் மழையன்னைக்கே கொடுத்தேனே!"

"இறகு உதிரணுமாம், மாமா."

அழுங்கு மாமா தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என் பேர்லதான். நானே வந்திருக்கணும்! மண்ணு நனைஞ்சா கட்டி கீழ் ஓரத்துல உருளும். இந்தா, முள்ளு. கட்டிக்குப் பின்னால முட்டுக்கொடு. ஓடு! மத்தவங்களுக்கு நான் வெட்டி எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்!"

பொடிச்சி முள்ளைக் கவ்விக்கொண்டு ஓடினாள். முள் நாக்கைக் குத்தியது. ரத்தம் வந்தது. அவள் நிற்கவில்லை. ஓடைக்கரைக்கு வந்தபோது ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது.

"நெளியன் தாண்டிட்டான்! நெளியன் தென்மேட்டுக்குத் தாண்டிட்டான்!"

பொடிச்சியின் வாயில் முள் இருந்ததால் கத்தக்கூட முடியவில்லை. மரத்தின் மேல் வழுக்கினாள், எழுந்தாள், ஓடினாள்.

மேட்டின் முதல் வளை. பின்வாசல் திறந்து கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. இரண்டாவது வளை. அதுவும் திறந்து கிடந்தது. அதிலும் சத்தமில்லை. அடுத்தது அவளுடையது!

முன்வாசல் மண்ணைக் கிளறிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். நான்கும் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. பொடிச்சி அவற்றைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போனாள். மண்ணாங்கட்டியின் கீழ் ஓரம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

முள்ளை வைத்தாள். சரியாகப் பொருந்தவில்லை. திருப்பி வைத்தாள். கட்டி இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. தன் முதுகைக் கொடுத்து முள்ளை அழுத்தினாள். 'கறுக்' என்று முள் மண்ணில் இறங்கியது. கட்டி நின்றது.

வெளியே ஒரு சீறல். நெளியன் மறுபடி முட்டினான். கட்டி அசையவில்லை. இடுக்கில் மூக்கை நுழைத்தான். முள் ஏறியது. "ஸ்ஸ்ஸ்!" என்று தலையை இழுத்துக்கொண்டான்.

பிறகு அமைதி. பொடிச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். ஈர மண்ணில் வயிறு உரசும் சத்தம் நகர்ந்து போனது. செம்பியின் வளைப் பக்கம் போனது.

பொடிச்சி நடுச்சுவரைக் காலால் உதைத்தாள்.

"செம்பி! குட்டிகளைத் தூக்கிக்கிட்டு முன்வாசல் வழியா ஓடு! நெளியன் வர்றான்!"

"பின்வாசல் நல்லா அடைச்சுத்தான்க்கா இருக்கு" என்றது செம்பியின் குரல். "காக்கையார் வெளிய வரக்கூடாதுன்னு..."

"ஓடு செம்பி! அந்தக் கட்டி சத்தமே இல்லாம உருளும்!"

பிறகு ஒரே ஒரு அலறல் கேட்டது.

செம்பி முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். தனியாக வந்தாள்.

நெளியன் வயிறு நிறைந்து கல்லுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நாளைக்கு மறுபடி பசிக்கும். மூச்சு வாங்க மேடேறி வந்த அழுங்கு மாமா, திறந்து கிடந்த வாசல்களைப் பார்த்தார். முள்கட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து மையழகன் பறந்து வந்து இறங்கினான். அவன் அலகில் ஒரு கவைமுள். அதன் நுனியில் பளபளவென்று ஒரு கறுப்பு இறகு.

"செம்பி! சொன்ன மாதிரியே முதல் முள்ளு உனக்குத்தான். இறகைப் பாரு, எவ்வளவு அழகு!"

"உள்ளே போய்ச் சொல்லுங்க" என்றாள் செம்பி. "என் பிள்ளைங்க பார்த்துச் சந்தோஷப்படட்டும்."

மையழகன் வளைக்குள் எட்டிப் பார்த்தான். அவன் அலகிலிருந்து முள் நழுவி விழுந்தது.

செம்பி இறகைப் பிய்த்து அவன் காலடியில் எறிந்தாள். முள்ளை மட்டும் கவ்விக்கொண்டாள். குட்டிகள் இன்னும் உயிரோடிருந்த அடுத்த வளையை நோக்கி ஓடினாள்.

பிறர் உயிரைக் காக்கும் பொருளைத் தன் பெருமைக்காகத் தாமதிக்கிறவன், கொல்ல வருகிறவனுக்கு வழியைத் திறந்துவிடுகிறான்.