கறையான் வாசலில் நின்று கேட்ட காலம்

அந்தக் காலத்தில் கறையான் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். இன்றைக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மனிதருக்கும் பூச்சிகளுக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. கரப்பான் வந்து கதவருகே நின்றால் "வாங்க" என்று சொல்கிற வழக்கம்கூட இருந்தது. இப்போது கரப்பானைக் கண்டதும் நாம் எதைக் கையில் எடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அப்போது இரண்டு பக்கத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. உலர்ந்ததெல்லாம் மனிதருக்கு, ஈரமானதெல்லாம் ஊர்கிற சீவன்களுக்கு. மழை பெய்து ஓய்ந்ததும் கறையானும் கரப்பானும் வீடு வீடாகப் போய், "உள்ளே ஈரம் இருக்கா?" என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இருக்கிறது என்றால் வீட்டுக்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மக்கிய பலகையோ ஊறிப்போன பாயோ, ஈரமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். உலர்ந்த பொருளில் வாய் வைக்காது.

கிளம்புவதற்கு முன்னால் கறையான் இன்னொரு காரியமும் செய்யும். தூண், விட்டம், கதவுநிலை என்று வீட்டிலுள்ள மரம் அத்தனையிலும் ஏறி, மீசையால் தொட்டுப் பார்க்கும். "இந்தத் தூணுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு. அடுத்த மழைக்குத் தாங்காது, மாத்திருங்க" என்று சொல்லும். மரத்துக்கு உள்ளே இருக்கிற ஈரம் நம் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? கறையான் சொன்னால்தான் உண்டு. அதனால் வீடு விழுந்து யாருக்கும் சேதம் என்ற பேச்சே அப்போது கிடையாது.

இந்த ஏற்பாடு ஒரு தாயின் பயத்தால் முறிந்துபோனது.

அவள் பெயர் ஆவுடை. மலையடிவாரத்தில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஓடைக்கு இந்தக் கரையில் அவள் வீடு இருந்தது; ஊர் அக்கரையில். புருஷன் மாடக்கண்ணு உப்பு ஏற்றிக்கொண்டு வண்டியோடு மலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். மழைக்காலம் முடிந்துதான் திரும்புவான். கையில் பச்சைப் பிள்ளை, பெண் குழந்தை. இதற்கு முன்னால் பிறந்த மகன் ஓர் ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் தவித்து, அவள் மடியிலேயே போய்விட்டான். அதை அவள் யாரிடமும் பேசுவதில்லை. மேகம் கறுத்தால் மட்டும் அவளுக்குக் கை நடுங்கும்.

அந்த வருஷமும் ஐப்பசி வந்தது. முதல் தூறல் விழுந்ததுமே ஆவுடை கதவைச் சாத்தினாள். சன்னலை அடைத்தாள். சுவரின் உச்சியில் காற்று வந்துபோக விட்டிருந்த ஓட்டைகளிலும் ஏணி போட்டு ஏறிக் கந்தலைத் திணித்தாள். ஒரு பொட்டுக் காற்றுகூட என் பிள்ளை மேல் படக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு.

மழை வலுப்பதற்கு முன்னால், ஓடைக்கு அக்கரையில் இருக்கும் அவளுடைய அண்ணன் மனைவி பேச்சி வந்து பார்த்தாள். உள்ளே நுழைந்தவுடன் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்னளா இது, வீடா அடுப்பில வச்ச இட்லிச் சட்டியா? பிள்ளை வேர்த்துப்போய்க் கிடக்கு பாரு. அந்தச் சன்னலையாவது தெற."

"வேண்டாம் மதினி. குளிர்ந்த காத்து அடிக்கு."

"காத்துன்னா அடிக்கத்தான் செய்யும். மூச்சு முட்டுதுளா எனக்கு."

"முதல் பிள்ளையத் தூக்கிக் குடுத்தவ நான் மதினி. நீங்க இல்ல."

பேச்சி கொண்டுவந்த சுக்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் போன சற்று நேரத்தில் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. இனி இக்கரையிலிருந்து அக்கரைக்கு யாரும் போக முடியாது.

ஆவுடை பிள்ளையை உள்ளேயே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். அந்த ஆவி போக வழியில்லை. பிள்ளைத் துணிகளை வெளியே உலர்த்தவும் முடியாது. விட்டத்தில் கயிறு கட்டி அதிலேயே தொங்கவிட்டாள். ஈரத்துணி காய்வதற்குள் அடுத்த ஈரத்துணி வந்து சேர்ந்தது. நனைந்த விறகைச் சுவரோரம் அடுக்கினாள். பிள்ளை தூங்கும் சேலைத் தொட்டிலும் அதே விட்டத்தில்தான் கட்டியிருந்தது.

சில நாளில் சுவர் வியர்த்தது. தொட்டால் விரலில் தண்ணீர் ஒட்டியது. விறகுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூத்தது. ஆவுடை அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒரு பாயை எடுத்து மறைத்து வைத்தாள். வீட்டில் அவளையும் பிள்ளையையும் தவிர யாருமில்லை. யாருக்கு மறைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. வாசலில் குரல் கேட்டது.

"தாயி, உள்ளே ஈரம் இருக்கா?"

ஆவுடை கதவை ஒரு விரல்கடை மட்டும் திறந்து பார்த்தாள். முன்னால் கறையான் கூட்டத்துக்குப் பெரியவர் நின்றார். பக்கத்தில் ஒரு கரப்பான், மழையில் நனைந்த மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றது.

அவள் மனதில் என்னவெல்லாமோ ஓடியது. இருக்கிறது என்று சொன்னால் கதவைத் திறக்க வேண்டும், காற்று உள்ளே வரும். துணி ஈரம், கயிறு ஈரம், தொட்டில் சேலைகூட நமுத்துத்தான் கிடக்கிறது. எல்லாம் அவர்களுடையது என்று ஆகிவிடும். கரப்பான் என் பிள்ளை தூங்கும் தொட்டிலில் ஏறுமா?

"இல்ல அண்ணாச்சி. பொட்டு ஈரமில்ல. எல்லாம் காய்ஞ்சு கிடக்கு" என்றாள்.

அதுவரை எந்த மனிதரும் அந்தக் கேள்விக்குப் பொய் சொன்னதில்லை.

கரப்பானின் மீசை துடித்தது. "எக்கா, எனக்கு வாடை வருதே. நல்லா கும்முனு வருதே."

"வெளியே மழை பெய்தா வாடை வராதா?" என்று ஆவுடை எரிந்துவிழுந்தாள்.

பெரியவர் கதவுநிலையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னா சரிதான் தாயி. இல்லைன்னு சொன்ன வீட்டுக்குள்ள நாங்க கால் வைக்கக்கூடாது. வாரோம்" என்று திரும்பினார். கரப்பான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டாள் ஆவுடை. தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நிம்மதி உலை கொதிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. கறையான் உள்ளே வந்திருந்தால் மரத்தையெல்லாம் தொட்டுப் பார்த்துச் சொல்லியிருக்குமே என்ற எண்ணம் வந்துவிட்டது. வந்த எண்ணம் போகவே இல்லை.

அவள் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தாள். துணி கட்டிய இடம் கறுத்திருந்தது. முன்பே அப்படித்தான் இருந்ததோ? அடுப்புப் புகையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சோறு வடிக்கும்போது பார்த்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

மறுநாள் மத்தியானம் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது பிள்ளையின் நெற்றியில் ஏதோ விழுந்தது. தவிடு மாதிரி, கொஞ்சமே கொஞ்சம். ஆவுடை அதைத் துடைத்தாள். மறுபடியும் விழுந்தது. பிள்ளையை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அகப்பைக் காம்பால் விட்டத்தைக் குத்திப் பார்த்தாள். வெந்த கிழங்கில் இறங்குவதுபோலக் காம்பு உள்ளே இறங்கியது.

பிள்ளையை எங்கே படுக்கவைப்பது? வடக்கு மூலையில் வைக்கலாமா? அங்கே மேலே இருக்கிற மரம் நன்றாக இருக்கிறதா? அடுப்பங்கரையில்? கதவு நிலைக்குப் பக்கத்தில்? அவள் ஒவ்வோர் இடமாகப் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். எந்த மரம் நிற்கும், எந்த மரம் விழும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களைத்தான் வாசலோடு அனுப்பிவிட்டாளே. வெளியே போகலாம் என்றால் மழை ஊற்றுகிறது. உள்ளே இருந்தால் விட்டம், வெளியே போனால் சளி. இரண்டு பக்கமும் எமன் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

கடைசியில் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிள்ளையை மார்போடு சேர்த்துச் சேலையால் சுற்றினாள். கதவைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக மழைக்காற்று பிள்ளையின் முகத்தில் அடித்தது. பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தது. ஆவுடைக்கு உயிரே போய்விட்டது. பிறகு பிள்ளை மூச்சை விட்டது, வீறிட்டு அழுதது.

கொல்லையின் கோடியில் இருந்த புற்றுக்கு ஓடினாள். சேற்றில் முட்டி போட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி! நான் பொய் சொல்லிட்டேன். வீடெல்லாம் ஈரம். விட்டத்துக்குள்ளயும் ஈரம். நீங்க வந்து பாருங்க. பிள்ளைய எங்க போடன்னு சொல்லுங்க."

புற்றின் வாயில் பெரியவர் தலை தெரிந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளை எங்க இருக்கு?"

"இந்தா, என் நெஞ்சுல."

"அப்போ அங்கனயே நில்லுங்க. வீட்டுப் பக்கம் போவாதீய."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குள் ஏதோ முறிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஊறிய மரம் அப்படித்தான் முறியும். கூரை நடுவில் குழிந்தது, பிறகு மொத்தமாக உள்ளே இறங்கியது. கயிறும் துணியும் தொட்டிலும் அதற்கு அடியில் போயின. தொட்டில் சேலையின் ஒரு நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே கிடந்தது. ஆவுடை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அவள் இறுக்கிய இறுக்கில் அது இன்னும் பலமாக அழுதது.

சேலை நுனியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கேட்டாள். "உங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணாச்சி?"

"வாசல்ல நின்னப்பவே வாடை வந்துச்சு தாயி. மரம் ஊறுற வாடை எங்களுக்குத் தெரியாதா?"

"பெறகு ஏன் சொல்லலை?"

"நீங்க இல்லைன்னு சொன்னீய. சொன்ன வார்த்தைய மீறி உள்ள வரக்கூடாதுங்கிறது நம்ம ஏற்பாடு. அதுக்குக் கட்டுப்பட்டுப் பேசாமப் போனேன். நேத்துலயிருந்து எனக்கு இரை எறங்கல." பெரியவரின் குரல் நடுங்கியது. கோபமா பயமா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டும்தான். "கேட்டுட்டு நின்ன மரியாதைக்கு ஒரு பிள்ளை போயிருக்கும். இனி நாங்க கேக்கமாட்டோம். ஈரம் எங்க இருக்கோ அங்க வந்துருவோம். நீங்க விரட்டுவீய, அடிப்பீய. அடிங்க. ஆனா எங்களப் பாத்ததும், வீட்டுக்குள்ள எங்கயோ தண்ணி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க."

"நான் அதுக்கெல்லாம் வரமாட்டேன்" என்றது பின்னால் நின்ற கரப்பான். "எனக்குப் பசி. அதுக்குத்தான் வருவேன்."

"நீ எதுக்கு வந்தாலும் சரிதான்" என்று பெரியவர் புற்றுக்குள் திரும்பினார். மனிதரோடு கறையான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு ஆவுடை எத்தனையோ முறை அந்தப் புற்றின் முன்னால் நின்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் வரவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பேச்சி ஓடிவந்து அவளைக் கூட்டிப்போனாள். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தது, அதோடு சரி. தை பிறப்பதற்கு முன்னால் மாடக்கண்ணு திரும்பிவந்து புதுவீடு கட்டினான். சுவரின் உச்சியில் காற்று வர ஓட்டை விடட்டுமா என்று அவன் கேட்டதற்கு, "பெருசா விடுங்க" என்றாள் ஆவுடை. அடுத்த ஐப்பசியில் மேகம் கறுத்தபோதும் அவளுக்குக் கை நடுங்கியது. பிள்ளை தும்மினால் நெஞ்சு திடுக்கென்றது. மழை சற்று ஓய்ந்ததும் அந்த நடுங்கும் கையாலேயே போய்ச் சன்னலைத் திறந்தாள்.

அன்றைக்குப் பிறகுதான் கறையான் யாரையும் கேட்காமல் ஈரமண்ணைப் பூசிக்கொண்டு நம் சுவரில் ஏறுகிறது. கைப்பிள்ளைக்காரிகள் மழை வெறித்து வானம் வெளுத்த உடனே, பிள்ளையைச் சேலைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, பயந்து பயந்தே கதவைத் திறந்து வைப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.