போத்தனூர் மன்றம் விற்ற நாற்பது தட்டுகள்

போத்தனூரில் ஒரு ரசிகர் மன்றம் உண்டு. சினிமா நடிகருக்கு இல்லை, டெரிக் சாமுவேல் என்ற ராக் பாடகருக்கு. ரயில்வே காலனியில் பிறந்து, எலெக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு தமிழில் ராக் பாடி, எழுபத்தொரு வயதிலும் மேடையில் குதித்துக்கொண்டிருப்பவர் அவர். இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மன்றத்தில் மொத்தம் நான்கு பேர். நான்கு பேருக்கும் சேர்த்து ஆண்டவன் அளந்து வைத்த அறிவு ஒரு ஆழாக்கு இருக்கும். அதையும் அவர்கள் சண்டையில்லாமல் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

தலைவர் நாச்சிமுத்து, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் தெய்வானை அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். குப்புராஜ் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். நம்முடைய சென்னியப்பன்தான் செயலாளர். மோட்டாருக்குக் காயில் கட்டும் அவருடைய கடைதான் மன்றத்துக்கும் அலுவலகம். நல்ல மனுஷன். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு.

டெரிக்கின் மேடைக் கச்சேரிகள் அப்படியே பதிவாகி இசைத்தட்டாக வரும். அதை மன்றத்தார் கேட்கிற விதமே தனி. தட்டில் அண்ணன் "எல்லாரும் எந்திரிங்க!" என்றால் நால்வரும் எழுந்து நிற்பார்கள். "கேக்கலை, இன்னும் சத்தமா!" என்றால், அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று பதறி ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுக் கத்துவார்கள். "டார்ச்சை ஆட்டுங்க!" என்று ஒரு பாட்டில் வரும். ஒருமுறை டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோய், குப்புராஜ் ஆட்டோவை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி ஹெட்லைட்டை ஆட்டினார். எதிர்க்கடைப் பலகை உடைந்தது. அண்ணன் சொல் நிறைவேறியது.

சென்னியப்பனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். இருபத்துமூன்று வருஷமாக அண்ணனுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். ஏதாவது ஒரு தட்டில், ஒரே ஒரு தடவை, அண்ணன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும். ஒவ்வொரு தட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். கடைசியில் அண்ணன், "சரி கண்ணுகளா, குட் நைட்! பத்திரமா வீடு போய்ச் சேருங்க!" என்பார். உடனே தலைவர் தட்டிலிருந்து ஊசியைத் தூக்குவார், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். சென்னியப்பன் மட்டும் நெஞ்சு கனத்துப் போவார்.

இப்படி இருக்கையில் பெங்களூர்த் தட்டுக் கம்பெனியிடமிருந்து நாற்பது புதுத் தட்டுகளும், போட்டுக் காட்ட ஒரு மாதிரித் தட்டும், ஒரு கடிதமும் வந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் கோவையில் நடந்த கச்சேரியின் பதிவு அது. தட்டு ஒன்று ஆயிரத்து இருநூறு ரூபாய். ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பதும் விற்றால்தான் டெரிக்கின் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரியைக் கம்பெனி பதிவு செய்யும். இல்லாவிட்டால் இனி அவருக்குத் தட்டே கிடையாது. கீழே விதிகள்: விலையைக் குறைக்கக் கூடாது. மாதிரித் தட்டை வாங்குகிறவர் முழுவதும் கேட்கும்படி செய்யவும். உறையைக் கிழித்த தட்டு விற்றதாகவே கொள்ளப்படும்.

படித்து முடித்ததும் சென்னியப்பன் மறுபடி முதலிலிருந்து படித்தார். இனித் தட்டே இல்லை என்றால் அண்ணன் அவர் பெயரை எதில் சொல்வார்?

அன்றைக்கே அவசரக் கூட்டம் கூடியது. முதலில் மாதிரித் தட்டைப் போட்டுக் கேட்டார்கள். குப்புராஜ் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, இதுல கைதட்டு மட்டும் பதினோரு நிமிசம் வருதுங்க. பாட்டுக்குக் காசு கேக்கலாம். கைதட்டுக்கு எப்பிடிங்க கேக்கறது?"

"நாயமான கேள்விதான்" என்றார் தலைவர்.

"அதும் அன்னிக்குத் தட்டுனது யாருங்க? நாமதானுங்களே முன்வரிசைல இருந்தோம். நம்ம கைதட்டை நாமளே காசு குடுத்து வாங்கோணுமா?"

தெய்வானை அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அப்பிடிப் பாத்தா கம்பெனிக்காரன்தான் நமக்குக் கூலி தரோணும். எனக்கு அன்னிக்கு ரெண்டு நாளைக்கு ஊசி புடிக்க முடியலை."

"விலையைக் குறைக்கப்படாதுன்னு எழுதியிருக்குதுங்களே" என்றார் சென்னியப்பன்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். "குறைக்க வேண்டாம். ஆனா வாங்கறவனை ஏமாத்தவும் வேண்டாம். தட்டு ஓடறப்ப நாமளும் கூடவே தட்டுவோம். அதே விலைக்கு ரெட்டைக் கைதட்டு. இன்னொண்ணு, மூணாவது பாட்டுல நடுவால ஒரு இருமல் வருதே, கேட்டீங்களா? அது எம்பட இருமல். அதுக்குத் தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம்."

எல்லோரும் தலைவரின் பெருந்தன்மையை மெச்சினார்கள். சென்னியப்பனுக்குத்தான் வயிறு எரிந்தது. தலைவரின் இருமலுக்குக் கிடைத்த பாக்கியம் தன் பெயருக்குக் கிடைக்கவில்லையே!

வியாழக்கிழமை காலை கடை வாசலில் விற்பனை தொடங்கியது. முதல் ஆளாகக் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரி வாத்தியார் வந்தார். பையிலிருந்து பணத்தை எடுத்தபடியே, "ஒரு தட்டு குடுங்க" என்றார்.

"முழுசாக் கேட்டாத்தானுங்க தருவோம்" என்றார் சென்னியப்பன்.

"நான் கச்சேரிக்கே வந்திருக்கேங்க."

"அது கச்சேரி. இது தட்டு. உக்காருங்க சார்."

வாத்தியார் உட்கார்ந்தார். எழச் சொன்னபோது எழுந்தார், கத்தச் சொன்னபோது கத்தினார். காதருகில் நான்கு பேர் தட்டிய கைதட்டலையும் பொறுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் "பத்திரமா வீடு போய்ச் சேருங்க!" என்றதும், தலைவர் ஊசியைத் தூக்கினார். குப்புராஜ் ஷட்டரை இழுத்தார். சென்னியப்பன் பூட்டைப் போட்டார்.

"ஏங்க, என் தட்டு?" என்று வாத்தியார் பணமும் கையுமாக நின்றார்.

"அண்ணனே வீட்டுக்குப் போகச் சொல்லிப்போட்டாரு. உங்களுக்குக் கேக்கலைங்களா?" என்று பரிவோடு சொல்லிவிட்டுத் தன் மொபெட்டை எடுத்தார் சென்னியப்பன்.

வெள்ளிக்கிழமை பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரையும் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை வந்த பாத்திரக்கடைக்காரர் ஒருவர், கேட்காமலே வாங்குவதாக இருந்தால் ஆறு தட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரை உள்ளேயே விடவில்லை. மூன்று நாளில் ஒரு தட்டும் நகரவில்லை.

"இத்தனை கூட்டம் வந்தும் ஏனுங்க விக்கமாட்டேங்குது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"விலைதான் காரணம். கம்மியா வெச்சுட்டான். மட்டமான சரக்குன்னு சனம் நெனைக்குது" என்றார் தலைவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், யாருக்கும் சொல்லாமல் டெரிக்கே வந்து இறங்கிவிட்டார். வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். நால்வரும் அடித்துப் பிடித்துக் காலில் விழுந்தார்கள். குப்புராஜ் தவறுதலாக வாத்தியார் காலில் விழுந்தார். அவர் நாலாம் நாளாகப் பணத்தோடு வந்திருந்தார்.

"எத்தனைடா வித்துச்சு?" என்று கேட்டார் டெரிக்.

"நீங்க மொதல்ல முழுசாக் கேக்கோணுமுங்கண்ணா" என்று அவரையும் உட்கார வைத்தார் சென்னியப்பன்.

தன் பாட்டைத் தானே ஒரு மணி நேரம் கேட்டார் டெரிக். எழச் சொன்னபோது அவரையும் எழுப்பினார்கள். கடைசியில் தட்டு "குட் நைட்!" என்றது. தலைவர் ஊசியைத் தூக்கினார், குப்புராஜ் ஷட்டரில் கை வைத்தார்.

"டேய், எங்கடா கெளம்பிட்டீங்க? உக்காருங்க! இன்னும் ஒரு பாட்டு இருக்குடா!"

நால்வரும் அப்படியே நின்றார்கள். இப்படி ஒரு சிக்கல் மன்ற வரலாற்றில் வந்ததில்லை.

"தட்டுல இருக்கிற அண்ணன் போகச் சொல்றாரு. நாற்காலில இருக்கிற அண்ணன் உக்காரச் சொல்றாரு. யாரு சொல்றதைக் கேக்கறது?" என்றார் தெய்வானை அக்கா.

"தட்டுல இருக்கிறவரு சொல்றது ஆயிரத்து எரநூறு ரூவாப் பேச்சுங்க. இவரு சொல்றது இனாம்" என்றார் குப்புராஜ்.

தலைவர் கையை உயர்த்தினார். "பெரியவங்க பேச்சைத்தான் கேக்கோணும். தட்டுல இருக்கிறவருக்கு அறுபத்தொம்பது வயசு. இவருக்கு எழுபத்தொண்ணு. உக்காருங்க எல்லாரும்."

டெரிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏப்பா, குட் நைட்டுங்கறது சும்மா ஒரு பேச்சு. போற மாதிரிப் போவோம். கைதட்டினா திரும்பி வந்து பாடுவோம். ஊரு ஒலகம் பூரா இதுதான் வழக்கம். கச்சேரியில நீங்க எந்திரிச்சுப் போறப்ப, கடைசி பஸ்ஸுக்குப் போறீங்கன்னு இல்ல நெனைச்சேன்!"

"போறேன்னு சொல்லிப்போட்டுப் போகாம இருக்கறதுங்களா? எங்க சம்பந்திதான் அப்பிடிச் செய்வாரு" என்று முணுமுணுத்தபடி தலைவர் ஊசியை மறுபடி இறக்கினார்.

கைதட்டல் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தட்டுக்குள்ளிருந்து அண்ணன் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இந்தக் கடைசிப் பாட்டு நம்ம போத்தனூர்ப் பசங்களுக்கு. மாசா மாசம் எனக்குக் கடுதாசி போடற சென்னியப்பா, எங்கடா இருக்கே? கையைத் தூக்கு!"

சென்னியப்பன் கை தானாக மேலே போனது. கண்ணீர் கரகரவென்று இறங்கியது. "இங்கதானுங்கண்ணா இருக்கேன்!" என்று கத்தினார்.

"காணமே" என்றது தட்டு. "சரி, போயிட்டாம்போல." கிடார் முழங்கியது.

"இருக்கேனுங்கண்ணா! போகலைங்கண்ணா!" என்று தட்டைப் பார்த்துக் கும்பிட்டார் சென்னியப்பன்.

டெரிக்குக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து தோளைத் தொட்டார். "அழாதேடா. நாந்தான் இங்க இருக்கேனே. உன்னைப் பாத்துட்டேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணா" என்றார் சென்னியப்பன். "அண்ணன் கூப்பிடறாரு."

மறுபடி போட்டார்கள். இன்னும் சத்தமாகக் கத்தினார். "காணமே." நாற்காலி மேல் ஏறி நின்று கையைத் தூக்கினார். "காணமே." நால்வரும் சேர்ந்து கூவினார்கள். "போயிட்டாம்போல."

"இது சாம்பிள் தட்டுங்க. ஓடி ஓடி இதுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. புதுசு ஒண்ணு போட்டா தெரியும்" என்றார் தெய்வானை அக்கா. கத்தரிக்கோலை எடுத்து ஒரு புதுத் தட்டின் உறையைக் கிழித்தார்.

அதிலும் காணவில்லை. அடுத்ததைக் கிழித்தார். டெரிக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பத்தாவது தட்டில் தலைவர் டார்ச் அடித்து சென்னியப்பன் முகத்தைக் காட்டினார். இருபதாவதில் குப்புராஜ் ஆட்டோ ஹார்னை அடித்து ஆள் இருப்பதைத் தெரிவித்தார். முப்பதாவது ஓடும்போது வாத்தியார் கெஞ்சினார், எனக்கு ஒன்றை மிச்சம் வையுங்கள் என்று. அவரை யாரும் கவனிக்கவில்லை.

நாற்பதாவது தட்டை உருவும்போது அக்காவுக்குக் கை சோர்ந்திருந்தது. கத்தரிக்கோல் நுனி தட்டின் மேல் ஒரு கீறு கீறிவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஊசி இறங்கியது.

"...சென்னியப்பா, எங்கடா இருக்கே? கையைத் தூக்கு!"

சென்னியப்பன் கையைத் தூக்கினார். ஊசி கீறலில் ஒரு எகிறு எகிறியது. கிடார் முழங்கியது. 'காணமே' வரவே இல்லை.

"பாத்துட்டாரு!" என்று அலறினார் சென்னியப்பன். "அண்ணன் என்னையப் பாத்துட்டாரு!"

நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். டெரிக் வாத்தியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், அது வேறு அழுகை. கிழிந்த உறைகளைத் தலைவர் எண்ணினார். நாற்பது. விதிப்படி நாற்பதும் விற்றாயிற்று. நால்வரும் தலைக்குப் பத்துத் தட்டுக்கான பணத்தைக் கட்டினார்கள். போத்தனூரில் ஒரே நாளில் நாற்பது தட்டு போன செய்தி கேட்டுக் கம்பெனி ஆடிப்போய்விட்டது. ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரியைப் பதிவு செய்ய அன்றைக்கே சம்மதித்தது.

ஒரு விஷயம்தான் பாக்கி. கையைத் தூக்கச் சொன்ன அண்ணன் இறக்கச் சொல்லவில்லை. ஆகவே சென்னியப்பன் இறக்கவில்லை. ஒரு கையாலேயே மொபெட் ஓட்டினார், ஒரு கையாலேயே காயில் கட்டினார். பஸ்ஸெல்லாம் அவரைப் பார்த்து நின்றுவிட்டுப் போயின. தூங்கும்போது கையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டார். பத்து நாள் கழித்து விஷயம் தெரிந்து டெரிக் பெங்களூரிலிருந்து போனில் கத்தினார்.

"டேய், இறக்குடா கையை!"

"போன்ல சொன்னா எப்பிடிங்கண்ணா? தூக்கச் சொன்னது தட்டுலீங்களே."

வேறு வழியில்லாமல், ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரியில் மைக்கைப் பிடித்ததும் டெரிக் சொன்ன முதல் வார்த்தையே "சென்னியப்பா, கையை இறக்கு" என்பதுதான். அது அப்படியே தட்டிலும் வந்துவிட்டது. இப்போது மன்றத்தில் தினமும் அந்தத் தட்டுதான் ஓடுகிறது. அதைப் போடுவதற்கு முன்னால் நால்வரும் மறக்காமல் ஒரு கையைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். தூக்காத கையை எப்படி இறக்குவது?