அட்டையைப் பிடித்த கை

காலை ஏழு ஐம்பதுக்கு மலையடிவாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட இருபத்தாறு கார்கள் நின்றன. ஒன்பதாவதாகப் புறப்பட்டவர் வைரவன். அவர் மேலே போய்ச் சேரவில்லை.

பத்தாவதாகப் புறப்பட்டவர் நஞ்சப்பன். அன்றைய கார் ராலியில் முதலாவதாக வந்தவர் அவர்தான்.

மூன்று வாரம் கழித்து அவர் கோவை பீளமேட்டில் ரெஹானாவின் ஷெட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"டீச்சர், எந்தப் பந்தயத்துல இந்த அட்டை இல்லீங்க?"

ரெஹானா எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ராலி காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை வாசித்துச் சொல்கிறவர் நேவிகேட்டர். ரெஹானா நேவிகேட்டராக இருந்தவர். ஒரு மலைச் சரிவில் இடது கால் போனபின் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் ஓட்டுகிறவர்கள் அவரைத் தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நஞ்சப்பன் அவரைவிட ஏழு வயது மூத்தவர். அவருக்கும் டீச்சர்தான்.

அட்டை என்பது இதுதான். ஒவ்வொரு ராலி காரிலும் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் பச்சையில் ஓகே. மறுபக்கம் சிவப்பில் எஸ்.ஓ.எஸ்., அதாவது உதவி வேண்டும். கார் கவிழ்ந்தால், பின்னால் வருகிறவருக்கு உள்ளே இருந்தவர்கள் ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டும். பச்சை காட்டினால் போகலாம். சிவப்பு காட்டினால் நிற்க வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றாலும் நிற்க வேண்டும்.

"டீ?"

"வேண்டாமுங்க."

"வைரவன் விசயத்துல விசாரணை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. என் மேல தப்பில்லைன்னு எழுதிட்டாங்க."

"அப்புறம் என்ன? இந்த வருசப் புள்ளிக் கணக்குல நீங்கதான் முன்னால. கடைசிச் சுற்று ராலியில மூணாவதா வந்தாக்கூட நீங்கதான் சாம்பியன்."

"பத்தொன்பது வருசமா ஓட்டறேன். இப்பத்தான் கைக்கெட்டுற தூரத்துல வந்திருக்கு."

"ஓட்டுங்க."

"முடியலீங்க. இன்னொரு வண்டி கவுந்து கெடந்தா என்ன பண்றதுன்னு தெரியல. அட்டை இல்லாத பந்தயம் ஏதாச்சும் சொல்லுங்க. ராலிய விட்டுட்டு அதுக்குப் போயிடறேன்."

ரெஹானா தன் டீயை ஆற்றினார்.

"சர்க்யூட்டுக்குப் போங்க. ஒரே வட்டம். சுவர் இருக்கு, வேலி இருக்கு. அட்டை இல்ல."

"நல்லதுங்க."

"கொடி இருக்கு. மஞ்சள் தூக்கினா வேகத்தைக் குறைக்கணும், முந்தக் கூடாது."

"யாரு தூக்குவாங்க?"

"மார்ஷல். பாதையோரம் கொடியோட நிக்கிற வேற ஆளு. உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. பார்த்தா போதும்."

நஞ்சப்பன் யோசித்தார். "பார்க்கணும்."

"ஆமா. அங்கேயும் பார்க்கணும்."

"மலையேற்றப் பந்தயம் இருக்கே? ஒரு நேரத்துல ஒரே வண்டி. முன்னால யாருமே போகமாட்டாங்க."

"அது சரிதான். கவுந்தா பின்னால வரவும் யாரும் இல்ல."

நஞ்சப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்துநாலு மணி நேரப் பந்தயம்?"

"உங்களால முடியலேன்னா இன்னொருத்தர் ஏறி ஓட்டுவாரு. வண்டி நிக்காது. யாருக்காகவும் நிக்காது."

"பழைய காலத்துல எப்படிங்க? இந்த விதியெல்லாம் வர்றதுக்கு முன்னால?"

"ஊர்ல இருந்து ஊருக்கு ஓட்டினாங்க. ஐரோப்பாவுல. சாதாரண ரோடு. ஒரே புழுதி. முன்னால போற வண்டி தெரியாது. மரத்து உச்சியப் பார்த்து, ரோடு எந்தப் பக்கம் திரும்புதுன்னு ஊகிச்சு ஓட்டினாங்களாம். வேடிக்கை பார்க்க வந்த சனம் ரோட்டுலயே நின்னுது."

"அய்யோ."

"ஒரு பந்தயம் பாதியோட நின்னுபோச்சு. செத்தவங்க அத்தனை பேரு. இஞ்சினைக்கூடத் தொட விடல. வண்டிகளைக் குதிரை கட்டி ரயிலடிக்கு இழுத்துட்டுப் போனாங்களாம்."

"யாரு நிறுத்தினது?"

"அரசாங்கம்."

"ஓட்டினவங்க?"

"அவங்க நிறுத்தல."

ரெஹானா டீயை ஒரு வாய் குடித்தார்.

"அதுக்கப்புறந்தான் ரோட்டை வளைச்சு வட்டமாக்கி வேலி போட்டாங்க. புள்ளி, சாம்பியன்ஷிப் எல்லாம் அதுக்கும் பின்னால."

"புள்ளி எதுக்கு வந்துச்சு?"

"ஒரு நாள் ஜெயிச்சது யாருக்கும் பத்தல."

நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப கம்ப்யூட்டர்ல ஓட்டறாங்க" என்றார் ரெஹானா. "அதுக்கும் சாம்பியன்ஷிப் இருக்கு. கவுந்தா ஒரு பட்டனைத் தட்டினாப் போதும், வண்டி எந்திரிச்சுக்கும். செத்தவனும் எந்திரிச்சுக்குவான். அதுல போய்ச் சேருங்க."

"வெளையாடாதீங்க டீச்சர்."

"அப்ப சொல்லுங்க. அன்னிக்கு என்ன பார்த்தீங்க?"

அவர் சொன்னார்.

காப்பித் தோட்டத்து வளைவு. வைரவனின் கார் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ரோட்டில் அட்டை கிடந்தது. பச்சைப் பக்கம். நஞ்சப்பனின் நேவிகேட்டர் டோமினிக், "ஓகே காட்டிட்டாங்கண்ணே, போங்க" என்றான். அவர் போனார்.

"வைரவனைப் பார்த்தீங்களா?"

"அட்டையத்தான் பார்த்தேன்."

"அவரோட நேவிகேட்டரை?"

"அட்டையத்தான் பார்த்தேனுங்க."

வைரவன் சீட்டிலேயே இருந்தார். தொடையில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நேவிகேட்டருக்கு நினைவு தப்பியிருந்தது. அடுத்து வந்த கார் நின்றது. அதில் வந்தவர்களுக்கும் அட்டை அதே இடத்தில், அதே பக்கந்தான் தெரிந்தது. அவர்கள் இறங்கிப் பள்ளத்துக்கு ஓடினார்கள். வைரவன் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் யாராவது வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆரம்பித்தார். அங்கே நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே சொல்லவில்லை.

"அவங்க ஏன் நின்னாங்கன்னு கேட்டீங்களா?" என்றார் ரெஹானா.

"கேக்கல."

"ஏன்?"

"பதில் சொல்லிட்டாங்கன்னா?"

ரெஹானா எழுந்தார். பொய்க்காலை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருந்த அட்டையை எடுத்து வந்து நஞ்சப்பன் கையில் கொடுத்தார்.

"தூக்கிப் போடுங்க."

"எங்கே?"

"மேலே."

நஞ்சப்பன் போட்டார். அட்டை சுழன்று சிமெண்ட் தரையில் விழுந்தது. சிவப்பு.

"என்ன சொல்லுது?"

"எஸ்.ஓ.எஸ்."

"மறுபடி போடுங்க."

போட்டார். மறுபடி சிவப்பு.

"இன்னொரு தடவை."

இந்த முறை பச்சை.

"என்ன சொல்லுது?"

"ஓகேன்னு சொல்லுது."

"யாரு?"

நஞ்சப்பன் அட்டையைப் பார்த்தார்.

"யாரு சொல்றாங்க, நஞ்சப்பன்?"

மின்விசிறிக் காற்றில் அட்டையின் ஒரு மூலை தூக்கித் தூக்கி விழுந்தது.

அவர் குனிந்து அதை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரெஹானா டீ கிளாஸைக் கழுவப் போனார்.

"கடைசிச் சுற்றுக்குப் போகட்டுங்களா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

ரெஹானா குழாயை மூடவில்லை.

2012 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சுற்றின் கடைசி மலைப்பாதையில் ஒரு கார் கவிழ்ந்து கிடந்தது. அதில் வந்த இருவரும் ரோட்டோரம் நின்று, பச்சைப் பக்கம் தெரிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். அதுவரை முன்னணியில் இருந்த நஞ்சப்பன் காரை நிறுத்தி இறங்கினார். "யோவ், ஓகேதான் காட்டுறோம்ல, கண்ணு தெரியலையா?" என்று ஒருவர் கத்தினார். நஞ்சப்பன் அருகில் போய், அட்டையைக் கீழே வைக்கச் சொன்னார். வாயால் சொல்லச் சொன்னார். இருவரும் சொல்லும்வரை நின்றார். அந்தச் சுற்றில் அவர் நான்காவதாக வந்தார். பட்டம் சேலத்துக்காரர் ஒருவருக்குப் போனது.