நிரம்பி வழிந்த பச்சைக் கூடை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் அன்று காலையிலிருந்தே ஒரே ஆரவாரம். காட்டுச் சபைத் தலைவரான யானை ஓடைக்கரைப் பாறைமேல் ஏறி நின்று பிளிறியது.

"எல்லோரும் கேளுங்கள்! இனி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு கூடைகள் இருக்கும். பழத்தோல், சருகு போன்ற மக்கும் குப்பையைப் பச்சைக் கூடையில் போடுங்கள். மனிதர்கள் வீசிவிட்டுப் போகும் பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாம் நீலக் கூடைக்கு. நாளைக் காலை காட்டுப்பன்றி வண்டியோடு வரும். யாருடைய பச்சைக் கூடை அதிகமாக நிரம்பியிருக்கிறதோ அவருக்குச் சபை நடுவே மாலை!"

மாலை! முயல்கள் துள்ளின. மயில்கள் அகவின. மான்கள் சருகு தேடித் திசைக்கொன்றாக ஓடின. குரங்கோ வாழைப்பழங்களை அவசர அவசரமாக விழுங்கித் தோல்களைக் கூடைக்குள் எறிந்தது.

கரடிக்கும் ஆசை பொங்கியது. ஆனால் அதன் கூடையில் ஒரு காய்ந்த இலைதான் கிடந்தது. கரடி வீட்டில் மாம்பழத்தைத் தோலோடு தின்பார்கள். தேனை அடையோடு தின்பார்கள். குப்பை எங்கிருந்து வரும்?

குரங்கு கிளையில் தலைகீழாகத் தொங்கியபடி அந்தக் கூடைக்குள் எட்டிப் பார்த்தது.

"என்ன கரடியண்ணே, வீட்டில் எல்லோரும் பட்டினியா? சொல்லியிருந்தால் நாலு தோல் கொடுத்திருப்பேனே!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கரடியால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரே ஓட்டமாகக் குகைக்குள் நுழைந்தது.

அங்கே பலாப்பழங்கள், விளாம்பழங்கள், தேனடைகள் எல்லாம் மழைக்காலத்துக்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. மழை இறங்கினால் ஓடை பெருகிவிடும். கரடிக் குடும்பம் வெளியே போக முடியாது. வெள்ளம் வடியும்வரை அவைதான் சாப்பாடு.

கரடி ஒரு பலாப்பழத்தை அணைத்துத் தூக்கியது. பெண்கரடி வழி மறித்தது.

"ஏங்க, அதை எங்கே கொண்டு போகிறீர்கள்?"

"கூடைக்கு!"

"பிள்ளைகளின் சாப்பாட்டையா?"

"அட, கூடையைக் காட்டி மாலையை வாங்கிக்கொள்ளப் போகிறேன். வாங்கிய கையோடு எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுவேன். தள்ளு, தள்ளு!"

பொழுது சாய்வதற்குள் குகை காலி. கூடை வழிந்தது.

மறுநாள் காலை வண்டி வந்தது. காட்டுப்பன்றி கூடையருகே மூக்கை நீட்டி மோந்து பார்த்தது.

"அண்ணே, நல்ல பலாப்பழம் மாதிரி மணக்கிறதே?"

"குப்பை, குப்பை! அசல் குப்பை. சீக்கிரம் ஏற்று!"

"நீங்கள் சொன்னால் சரிதான்" என்று பன்றி எல்லாவற்றையும் வண்டியில் கொட்டிக்கொண்டு போயிற்று. குரங்கு திறந்த வாயை மூடவே இல்லை.

சபை கூடியது. மரங்கொத்திகள் மரத்தில் தாளம் தட்டின. யானை இலுப்பைப் பூ மாலையைத் துதிக்கையால் எடுத்துக் கரடியின் கழுத்தில் போட்டது. "கரடியார் வாழ்க! குப்பை அள்ளிக் கொடுத்த வள்ளல் வாழ்க!" என்று காடே கூவியது. கரடி எழுந்து நின்று ஒரு சுற்று ஆடியது. ஆடி முடித்ததும், வண்டிக் குப்பையைக் கொட்டும் எருக்குழியை நோக்கிப் பாய்ந்தது.

குழியருகே பன்றிக் குடும்பம் காலைக் கழுவிக்கொண்டிருந்தது.

"என் பழங்கள் எங்கே? என் தேனடைகள் எங்கே?"

"பழமா? நீங்கள்தானே குப்பை என்றீர்கள்! எல்லோருடைய குப்பையோடும் குழியில் கொட்டி, சாணம் போட்டு, குடும்பத்தோடு இறங்கி மிதித்துவிட்டோம். அருமையான எருவாகும் பாருங்கள், அண்ணே!"

இடி இடித்தது. கரடி வீடு போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"அப்பா வந்துவிட்டார்! சாப்பாடு வந்துவிட்டது!" என்று குட்டிகள் இரண்டும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டன.

பெண்கரடி கணவன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, இரண்டாக அறுத்துக் குட்டிகளிடம் கொடுத்தது. அவை ஒரே வாயில் தின்று முடித்தன.

"இன்னும் இருக்கிறதா, அப்பா?"

வெளியே ஓடை பெருகும் சத்தம் கேட்டது.

நீதி: குப்பை குறைவாகச் சேரும் வீடே சுத்தமான வீடு, பிறர் மெச்சுவதற்காகக் கூடையை நிரப்பப் பார்த்தால் வீட்டில் இருப்பதும் போய்விடும்.