மூன்று வீட்டுக்கு நாயாகப் போன எட்டியப்பன்

முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு ராச்சியத்தைத் தேவசேனர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல அரசர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும்.

அப்படி ஒருநாள் வந்த ஆசை இது. அவருடைய வேட்டை நாய் வல்லி மூன்று குட்டிகள் போட்டிருந்தது. மறுநாள் அரசருடைய பிறந்தநாள். குட்டிகளைப் பட்டு மெத்தையில் வைத்து அவைக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் பரிசாகக் கொடுக்க வேண்டும். ஒன்று தளவாய் நரசிங்கருக்கு, ஒன்று அரண்மனைச் சோதிடர் அனந்தருக்கு, ஒன்று தம் செல்ல மகள் இளவரசி கோமளத்துக்கு.

பிறந்தநாளும் வந்தது. அவை நிரம்பி வழிந்தது. நாய்க் கொட்டடியைப் பார்த்துக்கொள்ளும் சடைச்சி வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"குட்டிகள் எங்கே?" என்றார் அரசர்.

"கொட்டடியிலே இருக்கு சாமி. தரமாட்டேன்."

சாமரம் வீசியவர்களின் கை அப்படியே நின்றது. மேளக்காரர் அடிக்க ஓங்கிய கோலை இறக்க மறந்தார். அரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விகடன் எட்டியப்பன், வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்துபோனான். பன்னிரண்டு வருஷமாக அரசரைக் கேலி செய்தே பிழைப்பவன் அவன். ஆனாலும் வெறும் 'மாட்டேன்' என்ற சொல்லைச் சிரிப்பில் பொதியாமல் ஒருநாள்கூட அவரிடம் சொன்னதில்லை.

"என்ன சொன்னாய்?" அரசரின் குரல் தாழ்ந்து வந்தது. அவர் கத்தினால் பயமில்லை. இப்படிப் பேசினால்தான் பயம்.

சடைச்சி ஓரடி பின்னால் போனாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "போன ஈத்துலே நாலு குட்டி வாங்கிட்டுப் போனாங்க சாமி. மூணு செத்துப்போச்சு. தளவாய் ஐயா வீட்டுக்குப் போனது என்ன ஆச்சுன்னே தெரியலை. கேட்கப் போனா வாசல்லேயே விரட்டிடறாங்க. இதுங்களுக்குக் கண்ணு தொறந்து இருபது நாள்கூட ஆகலை. இன்னும் தாய்ப்பால் குடிக்குதுங்க. என் தலை போனாலும் போகட்டும், இடம் பார்க்காம தரமாட்டேன்."

தளவாய் துள்ளி எழுந்தார். "அபாண்டம், அரசே! நான் பெற்ற குட்டி என் மாளிகையில் ராஜபோகமாக வாழ்கிறது. கொட்டடி கூட்டுகிறவள் தங்கள் பரிசைத் தடுக்கிறாள். இதைப் பொறுத்துக்கொண்டு இருப்பதா?"

"ஒருத்தி சொல்கிறாள், ஒருவர் மறுக்கிறார்" என்றார் அரசர். "யார் சொல்வது மெய் என்று நாயா வந்து சாட்சி சொல்லும்? இவளை இழுத்துப் போங்கள்."

காவலர்கள் அவள் தோளில் கை வைத்துவிட்டார்கள். எட்டியப்பன் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்தான்.

"நாய் சாட்சி சொல்லும், அரசே. பேசத் தெரிந்த நாய் ஒன்று இந்த அவையிலேயே இருக்கிறது."

"எங்கே?"

"தங்கள் முன்னால்தான். நேற்றுச் சதுரங்கத்தில் தோற்றதும் தாங்கள் என்னைப் பார்த்து 'நாயே' என்றீர்கள். அரச வாக்கு பொய்க்குமா? அந்த நிமிஷத்திலிருந்து நான் நாய்தான். இந்த மூன்று வீட்டிலும் ஒவ்வொரு பகல் குட்டியாக இருந்துவிட்டு வந்து, பார்த்ததைச் சொல்கிறேன்."

அரசரின் மீசை லேசாகத் துடித்தது. கோபமா, சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

தளவாய்க்கோ உள்ளுக்குள் பால் பொங்கியது. அரசருக்கு அருகில் இந்த விகடன் உட்காருவதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் அவர். "உத்தமமான யோசனை, அரசே! ஆனால் ஓலையில் எழுதிவிடுவோம். குட்டியை எப்படி வைத்துக்கொள்வோமோ, துளியும் மாறாமல் அப்படியே இவனையும் வைத்துக்கொள்வோம் என்று வாங்குகிற மூவரும் சத்தியம் செய்து ஒப்பமிடுகிறோம். இவன் குரைக்கலாமே தவிரப் பேசக்கூடாது. அந்தப் பெண் சொன்னது பொய் என்று தெரிந்தால் இருவரையும் நாடு கடத்த வேண்டும்."

ஓலை எழுதப்பட்டது. தளவாய் ஒப்பமிட்டார். சோதிடர் ஒப்பமிட்டார். இளவரசிக்காக அரசரே முத்திரை மோதிரத்தைப் பதித்தார்.

முதல் நாள் எட்டியப்பன் சோதிடர் வீட்டுக்குப் போனான். சோதிடர் நல்ல மனிதர். தலைவாழை இலை போட்டுத் தயிர்சாதம் பிசைந்து வைத்தார். எட்டியப்பன் ஒரு வாய் தின்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி அலமேலு வந்தாள்.

"யாரைக் கேட்டு நாய் வளர்க்கறதா ஒத்துக்கிட்டீங்க? நாய் மயிர் பட்டா எனக்கு மூச்சு இழுக்கும்னு தெரியாதா?"

"எனக்கு அஷ்டமத்துச் சனி நடக்குது அலமேலு. கறுப்பு நாய் வாசல்லே படுத்திருந்தா பார்வை தணியும். ரெண்டரை வருசம் பொறுத்துக்கோ."

"அப்புறம்?"

"சனி பெயர்ந்த மறுநாளே ஆத்துக்கு அக்கரையிலே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்."

எட்டியப்பன் தயிர்சாதத்தை விட்டுத் தலையைத் தூக்கினான். கிழிந்த பாயைத் தூக்கிப் போடுவதைப்போல அல்லவா சொல்கிறார்! இன்னும் திகைப்பு என்னவென்றால், சொன்ன கையோடு சோதிடர் குனிந்து அவன் தலையை வாஞ்சையாகத் தடவி, "சாப்பிடு, சாப்பிடு" என்று இன்னும் ஒரு கரண்டித் தயிர் ஊற்றினார். அந்தக் கை கெட்ட கை இல்லை. அதுதான் அவனை உலுக்கியது.

இரண்டாம் நாள் தளவாயின் மாளிகை. அவர் வாசலிலேயே காத்திருந்தார். எட்டியப்பனின் கழுத்தில் தோல்பட்டை கட்டி, பின்கட்டுக்கு இழுத்துப்போய் ஒரு கல்தூணில் சங்கிலியைப் பூட்டச் சொன்னார். இரண்டு முழச் சங்கிலி. நிழல் மூன்று முழத்துக்கு அப்பால் இருந்தது. தண்ணீர்ச் சட்டி அதற்கும் அப்பால். உச்சி வெயிலில் நண்பர்களைக் கூட்டிவந்து காட்டினார். "பாருங்கள், அரசருக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று!" எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எட்டியப்பன் குரைத்தான். சிரிப்பு இன்னும் கூடியது.

இவ்வளவும் அவன் எதிர்பார்த்ததுதான். வாய் வறண்டாலும் உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தான். தளவாய் தம் குழியைத் தாமே தோண்டுகிறாரே என்று.

அவர்கள் போன பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. வைக்கோல் போருக்குப் பின்னால் சங்கிலி உரசும் சத்தம். எட்டியப்பன் கழுத்தை வளைத்துப் பார்த்தான். முதலில் ஏதோ பழைய சாக்கு என்று நினைத்தான். அந்தச் சாக்கு தலையைத் தூக்கியது.

செவலை நிறம். ஒவ்வொரு விலா எலும்பாக எண்ணலாம். கழுத்தைச் சுற்றி ஒரு புண். ஈ மொய்த்தது. அந்தப் புண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. குட்டியாக வந்த அன்று கட்டிய பட்டையை இன்றுவரை யாரும் தளர்த்தவே இல்லை. நாய் வளர்ந்துவிட்டது. பட்டை வளரவில்லை.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக எட்டியப்பனுக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை.

மாலையில் தளவாய் மாடத்திலிருந்து வேலைக்காரன் வெள்ளையனுக்குக் குரல் கொடுத்தார். "நாயை அவிழ்த்து அனுப்புடா!"

வெள்ளையன் வந்து எட்டியப்பனை அவிழ்த்தான். எட்டியப்பன் நகரவில்லை. பேசவும் கூடாதே! வெள்ளையனின் வேட்டியைப் பல்லால் கடித்து வைக்கோல் போர்ப் பக்கம் இழுத்தான். வெள்ளையன் நாயையும் பார்த்தான், மாடத்தையும் பார்த்தான்.

"நான் எத்தனையோ தடவை சொன்னேன் ஐயா" என்றான் மெல்ல. "எந்த நாய்னு கேட்டார். வீட்டிலே ஒண்ணு இருக்கிறதே அவருக்கு மறந்துபோச்சு." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாயை அவிழ்த்து அனுப்புன்னுதானே சொன்னார்? எந்த நாய்னு சொல்லலையே!"

எட்டியப்பன் அந்த நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கொட்டடிக்கு நடந்தான். சடைச்சி அதைப் பார்த்தாள். அலறவில்லை. "செம்பா" என்றாள். வால் ஒருமுறை அசைந்தது. அதற்குப் பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள் அரண்மனை. இளவரசி கோமளம் ஓடிவந்து எட்டியப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மல்லிகைச் சரம் சூட்டினாள். பந்தை எறிந்து எடுத்துவரச் சொன்னாள். அரை நாழிகை போயிற்று. தோட்டத்தில் மயில் ஒன்று தோகை விரித்தது. இளவரசி அதைப் பார்க்க ஓடினாள். திரும்பி வரவில்லை. ஆறு வயதுக் குழந்தை. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

மடைப்பள்ளிக்காரர் தாண்டிப் போனார். "தாதி சோறு போட்டிருப்பா" என்றார். தாதி தாண்டிப் போனாள். "காவக்காரர் தண்ணி வெச்சிருப்பாரு" என்றாள். காவல்காரர், "மடைப்பள்ளியிலே பார்த்துக்குவாங்க" என்றார். முந்நூறு பேர் வேலை செய்கிற அரண்மனை. அரசரும் அந்த வழியாக இரண்டுமுறை போனார். இரண்டாம்முறை, "இன்னும் இங்கேயா இருக்கிறாய்?" என்று சிரித்துவிட்டுப் போனார். பொழுது சாயும்வரை எட்டியப்பனின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

நான்காம் நாள் அவை கூடியது.

"பேசத் தெரிந்த நாயே, சாட்சியைச் சொல்" என்றார் அரசர், சிரித்துக்கொண்டே.

எட்டியப்பன் சோதிடர் வீட்டுக் கதையைச் சொன்னான். அக்கரை என்ற சொல் வந்ததும் சோதிடர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இரண்டு முழச் சங்கிலியைச் சொன்னான்.

தளவாய் குறுக்கிட்டார். "விளையாட்டுக்குச் செய்தேன், அரசே! இவன் மனிதன் என்பதால் கொஞ்சம் வேடிக்கை. நாய்க்குட்டியை அப்படி வைப்பேனா?"

"தளவாய் அவர்களே, 'துளியும் மாறாமல் அப்படியே' என்று சத்தியம் செய்து ஒப்பமிட்டிருக்கிறீர்கள். ஓலை இதோ. நாயை அப்படி வைப்பது மெய்யா, அல்லது அரசர் முன் செய்த சத்தியம் பொய்யா? இரண்டில் எது என்று தாங்களே சொல்லுங்கள்."

தளவாய் ஓலையில் இருந்த தம் ஒப்பத்தையே பார்த்தார்.

"நீங்கள் சொல்லச் சங்கடப்பட்டால், ராஜபோகமாக வாழ்ந்தவரே வந்திருக்கிறார்" என்றான் எட்டியப்பன்.

சடைச்சி செம்பனைக் கையில் ஏந்தி உள்ளே வந்தாள். புண்ணுக்கு மஞ்சள் அப்பியிருந்தாள். சதையிலிருந்து அறுத்தெடுத்த பட்டையை அரசரின் காலடியில் வைத்தாள். ஒரு குழந்தையின் மணிக்கட்டு அளவுதான் இருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு கிழப்புலவர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரசர் குனிந்து அந்தப் பட்டையைக் கையில் எடுத்தார்.

"நாற்பத்தெட்டு நாள்" என்றார். "தினமும் விடிந்ததும் கொட்டடிக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டுத்தான் தளவாய் இந்த அவைக்கு வர வேண்டும். இனி எந்த உயிரையும் அவர் வீட்டில் கட்டக்கூடாது." பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, மூன்றாவது குட்டியாவது நல்ல இடத்துக்கு வருகிறது. அரண்மனை எப்படி இருந்தது, எட்டியப்பா?"

எட்டியப்பன் தரையைப் பார்த்தான். "சொல்லித்தான் ஆக வேண்டுமா, அரசே?"

"சொல்."

"மல்லிகைச் சரம் கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை."

அரசரின் முகத்தில் ரத்தம் ஏறியது. முந்நூறு பேரையும் இப்போதே கூப்பிடப்போகிறார் என்று அவையினர் நினைத்தார்கள். ஆனால் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "நானும் இரண்டுமுறை தாண்டிப் போனேனே" என்றார் தமக்குள். பிறகு சிம்மாசனத்திலிருந்து இறங்கிச் சடைச்சியின் முன்னால் வந்து நின்றார். "என்ன செய்தால் நீ குட்டி தருவாய்?"

சடைச்சி திகைத்துப்போனாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "யாரு சோறு வைப்பாங்க சாமி? அரண்மனைன்னு சொல்லாதீங்க. ஒரு பேரு சொல்லுங்க."

அரசர் யோசித்தார். "நானே வைக்கிறேன்."

"நீங்க போருக்குப் போனா?"

அரசர் விழித்தார். "ராணியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்."

"கேட்டுட்டு வாங்க. அறுபது நாள் ஆகட்டும். அதுவரைக்கும் பாப்பாவைத் தினமும் கொட்டடிக்கு அனுப்புங்க. குட்டியோட பழகட்டும், தண்ணி வைக்கக் கத்துக்கட்டும். எப்பவாவது வளர்க்க முடியலைன்னா என்கிட்டேயே திருப்பித் தந்துடணும். அதுக்கு ஒத்துக்கிட்டா ஒண்ணு தரேன். மத்த ரெண்டுக்கும் நான் இடம் பார்த்துக்கறேன்."

"ஒத்துக்கொண்டேன்" என்றார் அரசர். அவருக்கு மனம் லேசாகியிருந்தது. "எட்டியப்பா! என் முகத்துக்கு நேரே மெய் பேசினாய். அந்த இரண்டில் ஒன்று உனக்குப் பரிசு. எடுத்துக்கொள்."

எட்டியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சடைச்சியிடம் கை நீட்டினான்.

"உங்களுக்கும் கிடையாது" என்றாள் சடைச்சி.

"எனக்கா? உனக்காக மூன்று நாள் நாயாகக் கிடந்தேனே!"

"நல்லாத்தான் கிடந்தீங்க. ஆனா உங்க வீட்டுக்கும் நேத்து ஒரு நடை போய்ப் பார்த்தேன். காலையிலே பூட்டின பூட்டு பொழுது சாஞ்சும் தொங்குது. தினமும் இப்படித்தான்னு பக்கத்து வீட்டிலே சொல்றாங்க. பால்குடி மறந்த குட்டி உள்ளே ஒத்தையிலே என்ன பண்ணும்?"

எட்டியப்பன் வாயைப் பிளந்தான். ஊரார் வீட்டையெல்லாம் நாலு காலில் போய்ச் சோதித்தவனுக்குத் தன் வீட்டு வாசல் ஞாபகத்துக்கே வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த அவையில் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

அரசர் அவன் முகத்தைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு தொந்தி குலுங்கியது. கிரீடம் சரிந்தது. "அகப்பட்டுக்கொண்டான்! என் விகடனை ஒருத்தி மடக்கிவிட்டாள்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவை முழுக்கச் சிரித்தது. தளவாய் மட்டும் சிரிக்கவில்லை.

"வெறுங்கையோடு அனுப்பலாமா?" என்று அரசர் தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். இன்னொன்றைக் கொண்டுவரச் சொல்லிச் சடைச்சிக்குப் போர்த்தினார்.

எட்டியப்பன் தன் சால்வையைக் கழற்றினான். நாலாக மடித்துத் தரையில் விரித்தான். சடைச்சியின் கையிலிருந்த செம்பனை வாங்கி அதன்மேல் படுக்கவைத்தான்.

"குட்டிக்குத்தானே நான் ஆகமாட்டேன்?" என்றான். "இவன் பெரியவன். வீட்டில் பூட்டிப் போடமாட்டேன். தினமும் இங்கேயே கூட்டிவருவேன்."

சடைச்சி செம்பனைப் பார்த்தாள். எட்டியப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். "புண் ஆறட்டும். அதுவரைக்கும் தினமும் வந்து மருந்து போடுங்க. அப்புறம் சொல்றேன்."

அரசர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அந்த அவையில் விகடனின் காலடியில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். யார் உள்ளே வந்தாலும் கண்ணைத் திறக்காது. தளவாய் வரும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும்.