பலகையில் எழுதிய சுரைக்குடுக்கை

மலையடிவாரக் காட்டில் கமுகு மரங்கள் சூழ ஒரு பெரிய மடு இருந்தது. மடுவுக்கு நடுவே ஒரு திட்டு. திட்டில் ஒரு பலா மரமும், காட்டில் வேறெங்கும் முளைக்காத சில மூலிகைகளும் இருந்தன.

திட்டுக்குப் போக மிருகங்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தன. கமுகிலிருந்து உதிரும் பாக்குமட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு விரால் மீன்கள் மட்டையில் கட்டிய கொடியைக் கடித்துக்கொண்டு இழுக்கும். மட்டைக்கு ஒருவர்தான். ஆனால் வேகமென்றால் அப்படி ஒரு வேகம்.

வேகம் வந்தால் பின்னாலேயே வம்பும் வரும். ஒரு நாள் இருட்டிய பிறகு இரண்டு மட்டைகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. ஒரு முயலுக்கு முன்பல் இரண்டும் போயின. முன்பல் இல்லாத முயலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தால் பாவமாக இருக்கும்.

உடனே கூட்டம் கூடியது. மூன்று விதிகள் முடிவாயின. பொழுது சாய்ந்தபின் சவாரி கூடாது. சவாரி செய்பவர் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டவேண்டும். தண்ணீரில் விழுந்தால் அது மிதக்கவைக்கும். கொடியின் ஒரு நுனியைக் கையில் கட்டிக்கொள்ளவேண்டும். ஆள் விழுந்தால் கொடி வெடுக்கென்று இழுபடும், விரால்கள் நின்றுவிடும்.

விதி நல்ல விதிதான். அதை எழுதிவைக்க ஆள் வேண்டுமே? செம்பன் முன்னால் வந்தான்.

செம்பன் ஒரு மலையணில். மரம் விட்டு மரம் தாவுவான், தரையில் கால் வைப்பதே அபூர்வம். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. ஆனால் பல்லால் கொறித்து எழுத்து எழுதுவதில் காட்டிலேயே அவனுக்கு இணை கிடையாது. அதைவிட அழகானது அவன் வால். நாளுக்கு மூன்று முறை அதைக் கோதிவிடுவான்.

"சாதாரணப் பலகையில எழுதினா ஒரே மழையில உளுத்துப்போகும். கருங்காலியில எழுதறேன். நம்ம பேரப்பிள்ளைகளும் படிக்கணும்," என்றான்.

மூன்று நாள் கொறித்தான். பல் மழுங்கியது, எழுத்து முத்து முத்தாக வந்தது. நான்காம் நாள் அந்த வழியாக வந்த யானை ஒன்று, பலகையை ஒரு மூங்கிலில் கட்டி, கரைக்கும் திட்டுக்கும் நடுவே தண்ணீரில் ஊன்றிக் கொடுத்துவிட்டுப் போனது.

மினுக்கன் என்ற மின்மினி மெல்லக் கேட்டது: "ஐயா, ராத்திரியில பலகை இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாதே. நான் போய் அதுமேல உட்கார்ந்துக்கட்டுமா?"

செம்பன் சிரித்தான். "பொழுது சாஞ்சா யாரும் வரக்கூடாதுங்கறதுதான் விதி. யாருமே வராத இடத்துக்கு விளக்கு எதுக்கு?"

அடடா, என்ன அறிவு என்று கூட்டம் தலையாட்டியது. செம்பனையே துறைக்குக் காவலாக வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் செம்பன் இல்லை, செம்பன் ஐயா.

காவல் என்றால் காவல். பொழுது சாய்ந்ததும் எல்லா மட்டைகளையும் கரையில் அடுக்கி, தானே முடிச்சுப் போடுவான். அவன் சொல்லாமல் ஒரு மட்டை அசையாது.

ஒரு மாலை மூக்காயி என்ற கீரி திட்டிலிருந்து திரும்பி வந்தாள். அவள் புருஷனைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. அதற்கு மருந்தான கீரிப்பூண்டு திட்டில்தான் கிடைக்கும். தேடிப் பறிப்பதற்குள் நேரமாகிவிட்டது. இடுப்பில் குடுக்கை இருந்தது, கையில் கொடி இருந்தது, வெளிச்சத்துக்கு மினுக்கன்கூட முன்னால் பறந்து வந்தது. ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி ஒரு கண்ணிமைப்பு ஆகியிருந்தது.

"ஏம்மா மூக்காயி, பலகையைப் படிச்சியா?" என்றான் செம்பன்.

வாயில் பூண்டை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் பதில் சொல்வாள்? "ம்... ம்ம்..." என்றாள்.

"படிச்சிட்டே மீறியிருக்கே. விதி விதிதான். மட்டை பறிமுதல்."

மூக்காயியின் மட்டை செம்பனின் மரத்து உச்சிக்குப் போனது. நல்லவேளையாகப் பூண்டு வேலை செய்து அவள் புருஷன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் ஏழு நாள் மருந்து கொடுக்கவேண்டும். மட்டை இல்லாத மூக்காயி இடுப்பில் குடுக்கையைக் கட்டிக்கொண்டு தினமும் பகலில் நீந்தியே திட்டுக்குப் போய்வந்தாள். செம்பன் மரத்திலிருந்து அதைப் பார்த்து, "சட்டத்துக்கு அடங்கி நடக்கிறா," என்று மெச்சிக்கொண்டான்.

ஏழாம் நாள் மாலை. செம்பன் மட்டைகளைக் கட்டி முடித்து மரமேறி வாலைக் கோதிக்கொண்டிருந்தான். தலைக்குமேல் இரண்டு பழவௌவால்கள் பேசிக்கொண்டு போயின.

"திட்டுப் பலா பழுத்திருச்சு. வாசனை வருது பாரு."

"மத்தவங்களையும் கூட்டிட்டு வரலாம். காலையில கொட்டைகூட மிஞ்சாது."

செம்பனுக்கு நாக்கில் நீர் ஊறியது. அந்தப் பலாவுக்காக அவன் ஒரு மாதமாகக் காத்திருந்தான். விடியும்வரை பொறுத்தால் போச்சு.

ஆனால் விதி? செம்பன் யோசித்தான். எழுதத் தெரிந்தவனுக்கு யோசிக்கவும் தெரியும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது? பொழுது சாய்ந்தபின் 'சவாரி' கூடாது. சவாரி என்பது ஊர்க்காரர்கள் தங்கள் காரியத்துக்குப் போவது. காவலாளி போனால் அதற்குப் பெயர் வேறு.

மூக்காயியின் மட்டையைக் கீழே இறக்கித் துறைக்குக் கொண்டுபோனான். விரால்களைத் தட்டி எழுப்பினான்.

"ஐயா, பொழுது சாஞ்சிருச்சே. சவாரி கூடாதுன்னு நீங்கதானே..." என்றது ஒரு விரால்.

"சவாரி யார் போறா? நான் ரோந்து போறேன்."

விரால்களுக்கு அந்தச் சொல் புதிது. "ரோந்துன்னா மெதுவாப் போறதா, வேகமாப் போறதா?"

"வேகமா. பழம், அதாவது, பந்தோபஸ்து தாமதமாகக்கூடாது."

"குடுக்கை கட்டலையே ஐயா?"

"அது சவாரிக்காரனுக்கு. வால் மயிர் நசுங்கிடும்."

"கையில கொடி?"

"அதுவும் சவாரிக்காரனுக்குத்தான். எத்தனை கேள்வி கேக்கறீங்க?"

விரால்கள் கொடியைக் கடித்தன. மட்டை பாய்ந்தது.

ஆஹா, என்ன வேகம்! காற்று வாலை விசிறியது. ஊராரையெல்லாம் இந்த நேரத்தில் கரையில் கட்டிவைத்தது எவ்வளவு நல்ல ஏற்பாடு, மடு முழுவதும் தனக்கே என்று செம்பன் நினைத்தான். பலா வாசனை நெருங்கி வந்தது.

திட்டுக்குப் போகும் வழியின் நடுவே என்ன ஊன்றியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். செம்பனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, இருட்டில் தெரிவது வேறு.

மடார்!

செம்பனின் நெற்றியில் முதலில் பட்டது 'பொழுது சாய்ந்தபின்' என்ற வரி. மூங்கில் முறிந்து பலகை கழன்றது. மட்டை ஒரு பக்கம் போக, செம்பன் மறுபக்கம் தண்ணீரில் விழுந்தான். கையில் கொடி இல்லை, இழுபடவும் இல்லை. ஆகவே விரால்கள் காலி மட்டையை இழுத்துக்கொண்டு அதே வேகத்தில் திட்டை நோக்கி ரோந்து போய்விட்டன.

செம்பன் கைக்கு அகப்பட்ட பலகையைக் கட்டிப்பிடித்தான். விரலில் எழுத்து தட்டுப்பட்டது. 'சுரைக்குடுக்கை' என்று தடவியே படித்தான். எவ்வளவு ஆழமாக, எவ்வளவு அழகாகக் கொறித்திருக்கிறான்! ஆனால் கருங்காலி மரம் தண்ணீரில் மிதக்காது. பேருக்கேற்ற குணத்தோடு அது அவனைக் கைவிட்டு அடியில் போனது.

அழகான வால் நனைந்து கல்லாகக் கனத்தது. "காப்பாத்துங்க!" என்று அலறினான்.

தண்ணீர்மேல் குரல் தெளிவாக வரும், போகும். கரையில் பேசியதெல்லாம் அவனுக்குக் கேட்டது.

"யாரோ முழுகறாங்க. மட்டையை எடுங்க!"

"எப்படி எடுக்கறது? பொழுது சாஞ்சிருச்சு. ஐயா முடிச்சுப் போட்டிருக்காரே," என்றது பல் போன முயல்.

"அப்போ ஐயாகிட்ட அனுமதி கேட்டுட்டு வருவோம்."

"அதுதான் முறை."

காலடிச் சத்தங்கள் அவனுடைய மரத்தை நோக்கிப் போயின. "நான் இங்க இருக்கேன்!" என்று கத்த வாயைத் திறந்தான். வாய் நிறையத் தண்ணீர் புகுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் செம்பனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. செத்துப்போகிறோம் என்ற பயம்.

அப்போது இருட்டில் ஒரு சிறு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. மினுக்கன்! அதன் பின்னால் ஒரு கூர்மூக்கும், அதன் பக்கத்தில் ஒரு குடுக்கையும் மிதந்து வந்தன.

மூக்காயி கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். "ஐயா, பொழுது சாஞ்சிருச்சுங்க. நான் வரலாமா?"

"வா... வா..."

"சவாரி இல்லீங்க. வெறும் நீச்சல்தான். அதுக்கும் ஏதாவது விதி இருக்குதா?"

"ம்... ம்ம்..." என்றான் செம்பன். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவன் எப்படிப் பதில் சொல்வான்?

மூக்காயி சிரித்துக்கொண்டே குடுக்கையை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டினாள். ஏழு நாள் நீந்திப் பழகிய உடம்பு. மினுக்கனின் வெளிச்சத்தைப் பார்த்தபடியே அவனைக் கரைக்கு இழுத்து வந்தாள்.

செம்பன் கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தபோது, மரத்தடிக்குப் போனவர்கள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள்.

"ஐயா, உங்களைத்தான் தேடிட்டு இருந்தோம்," என்றது முயல். "நடு மடுவுல யாரோ முழுகறாங்க. மட்டை எடுக்க அனுமதி குடுங்க."

செம்பன் தலையைக் குனிந்துகொண்டான். நனைந்த வால் எலிவாலாகச் சுருங்கியிருந்தது. பலாவை வௌவால்கள் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குத்தான் மட்டையும் வேண்டாம், விதியும் வேண்டாமே.

மறுநாள் மூக்காயியின் மட்டை அவளிடம் திரும்பி வந்தது. செம்பன் மறுபடியும் விதிகளைக் கொறித்தான், இந்தத் தடவை மிதக்கிற கல்யாண முருங்கைப் பலகையில். பலகை கரையிலேயே நின்றது. இரவில் மினுக்கன் அதன்மேல் உட்கார்ந்தது. எழுதி முடிக்கும்வரை செம்பன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டியிருந்தான். "கரையில உட்கார்ந்து எழுதறதுக்கு எதுக்குங்க ஐயா?" என்று விரால்கள் கேட்டன. அவன் குடுக்கையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பலகையில் எழுதிய சுரைக்குடுக்கை, எழுதினவனே ஆனாலும், மிதக்க உதவாது.